முப்பது நாளில் பத்துக் கிலோ?

மாடம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் காலையில் நடக்கப் போகும்போது மின்கம்பங்களைப் படிப்பது என் வழக்கம். வீடு வாடகைக்கு, டியூஷன் எடுக்கப்படும், தண்ணீர் லாரி, காணாமற்போன நாய் என்று ஊரின் தேவைகள் எல்லாம் அங்கேதான் ஒட்டப்பட்டிருக்கும். கொஞ்ச நாளாக அவற்றின் நடுவே ஒரு மஞ்சள் தாள். "30 நாளில் 10 கிலோ குறையலாம்! பத்தியம் இல்லை, உடற்பயிற்சி இல்லை!" கீழே ஒரு போன் நம்பர்.

எங்கள் தெருவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் ஒரு நாள் மாலை அந்தத் தாளைக் கிழித்து என் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டான். "சார், இது நடக்குமா? இல்லேன்னா, வாரத்துக்கு ஒரு ஊசின்னு இப்ப எல்லாரும் சொல்றாங்களே, அதைப் போட்டுக்கலாமா?" என்றான். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. பள்ளியில் அவனுக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை அவன் அம்மா முன்பே என் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

நான் டாக்டர் அல்ல. கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவனுடன் உட்கார்ந்தேன். அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

நூறு வாட் பல்பு

உணவு விஷயத்தில் நாம் 'கலோரி' என்று சொல்வதெல்லாம் உண்மையில் கிலோ கலோரி. ஒரு கிலோ கலோரி என்பது சுமார் 4,200 ஜூல். சாதாரணமாக நடமாடும் ஒருவர் நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 84 லட்சம் ஜூல். ஒரு நாளில் 86,400 வினாடிகள். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 97 வாட் வரும். நீங்களும் நானும் இரவு பகலாக எரியும் நூறு வாட் பல்புகள்! ஒரு சிறிய அறையில் ஐம்பது மாணவர்கள் உட்கார்ந்தால் ஏன் புழுங்குகிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

உடம்பில் சேர்ந்துள்ள கொழுப்புத் திசு ஒரு கிலோவில் சுமார் 7,700 கிலோ கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. பத்துக் கிலோ என்றால் 77,000. அதை முப்பது நாளில் செலவழிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 2,567. ஆனால் நம் பல்பு எரிப்பதே 2,000 தானே! ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல் ஒரு மாதம் கிடந்தாலும் 60,000 கிலோ கலோரிதான் செலவாகும். கொழுப்பில் அது எட்டுக் கிலோகூட இல்லை. ஆற்றல் அழிவின்மை விதி மின்கம்பத் தாளுக்காக விலகி நிற்காது.

உடற்பயிற்சியால் சரிக்கட்டலாமே என்பீர்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 3 மீட்டர் உயரமுள்ள ஒரு மாடி ஏறினால் செய்யும் வேலை 60 × 9.8 × 3, அதாவது 1,764 ஜூல். அரை கிலோ கலோரிகூட இல்லை. நம் தசைகள் உணவாற்றலில் சுமார் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகிவிடும். அதையும் சேர்த்தால் மாடி ஒன்றுக்கு 1.7 கிலோ கலோரி. 100 கலோரி தரும் ஒரு சின்ன வடைக்கு ஈடாக ஏறத்தாழ அறுபது மாடி ஏற வேண்டும். (இதற்காக நடப்பதையும் விளையாடுவதையும் நிறுத்திவிடாதீர்கள். தசைக்கும் இதயத்துக்கும் அவை செய்யும் நன்மையைக் கலோரிக் கணக்கு காட்டாது.)

அப்படியானால் அந்தத் தாள் சொல்வது முழுப் பொய்யா? அங்கேதான் சூட்சுமம். எடை இறங்கலாம். இறங்கியது எது என்பதுதான் கேள்வி.

கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சுமார் அரைக் கிலோ சேமிப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு மூன்று நாள் அரைப்பட்டினி கிடந்தால் கிளைக்கோஜன் தீரும், நீரும் போகும். தராசில் இரண்டு கிலோ குறையும்! மீண்டும் சோறு சாப்பிட்டால் இரண்டு கிலோவும் திரும்பி வந்துவிடும். பட்டினி தொடர்ந்தால் உடல் தசையைக் கரைக்கத் தொடங்கும். தசையில் பெரும்பகுதி நீர். ஒரு கிலோ தசையில் உள்ள ஆற்றல் கொழுப்பில் உள்ளதைவிட மிகக் குறைவு. ஆகவே தசை கரைந்தால் எடை மளமளவென்று இறங்கும். தராசுக்கு வித்தியாசம் தெரியாது. இதயமும் ஒரு தசைதான்.

தராசு சொல்லாதது

ரயில் நிலைய நடைமேடைகளில் முன்பு எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று கலர் விளக்குகளோடு நிற்கும். காசு போட்டால் ஒரு அட்டை விழும். அதன் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் உங்கள் ஜாதகம். இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு படிப்பவர்கள் இருந்தார்கள்.

எடையை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்பதால், எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறார்கள். இதுதான் உடல் நிறைக் குறியீட்டெண். இதைக் கண்டவர் மருத்துவர் அல்லர். 1830-களில் வாழ்ந்த அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய வானியலாளர். உலக நாடுகள் பலவற்றில் இது 25-ஐத் தாண்டினால் மிகை எடை, 30-ஐத் தாண்டினால் உடற்பருமன். இந்தியர்களுக்கு 23, 25 என்று எல்லைகளைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஏன்?

இதற்கு ஒரு சுவையான புகைப்படம் சாட்சி. 2004-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று தங்கள் படத்தை வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பை அளந்தால் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம்மவர்கள் ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே, குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பைச் சேர்த்து வைக்கிறோம். சர்க்கரை நோய் நம்மிடையே சீக்கிரம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் டாக்டர்கள் தராசோடு நில்லாமல் இடுப்பைச் சுற்றி டேப்பும் வைக்கிறார்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எச்சரிக்கைக் கோடு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் உடற்பருமன் உள்ளவர்கள் சுமார் 25 கோடி. வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 35 கோடி.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே சொன்ன எல்லைகள் பெரியவர்களுக்கானவை. வளர்ந்துகொண்டிருக்கும் உங்களுக்கு உயரமும் மாறுகிறது, எடையும் மாறுகிறது. ஆகவே உங்கள் எண்ணை வயதுவாரியான வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் அத்தகைய வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது.

எடை என்பதற்குத் தனியாக நல்லது கெட்டது கிடையாது. எங்கள் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயருக்குக் காரணம், 1928-இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை. மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்துச் சானடோரியங்களில் நோயாளியின் எடை ஏறினால்தான் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முட்டையும் பாலும் கொடுத்து, தராசு முள் மேலே போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே தாம்பரத்தில் இன்று முள் கீழே போகிறதா என்று பார்க்கிறோம்.

உடம்பின் பிடிவாதம்

கணக்கு இவ்வளவு எளிதென்றால், கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டால் போதுமே, டாக்டர் எதற்கு, மருந்து எதற்கு? "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று பருமனானவர்களைப் பார்த்து நம் வீடுகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை.

கொழுப்புத் திசு வெறும் மூட்டை அல்ல. லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, "இருப்பு இவ்வளவு" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. இதை 1994-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டறிந்தார்கள். இரைப்பை, கிரெலின் என்ற பசி ஹார்மோனைச் சுரக்கிறது. இது 1999-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. எடை குறைந்தால் லெப்டின் குறையும், கிரெலின் கூடும், பசி அதிகமாகும். பல்பும் சற்று மங்கி, செலவைக் குறைத்துக்கொள்ளும். குளிர்சாதன இயந்திரத்தில் வெப்பநிலையைக் காக்கும் தெர்மோஸ்டாட் போல, இருந்த எடைக்கே திரும்ப உடல் முயல்கிறது.

எவ்வளவு நாளைக்கு? ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு கழித்து ரத்தத்தைச் சோதித்தபோதும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2011-இல் வெளிவந்த முடிவு இது. இளைத்தவர்கள் மறுபடி பெருப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. ஓராண்டுக்குப் பிறகும் உடம்பு கணக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பஞ்ச காலங்களில் நம் முன்னோர் பிழைத்ததற்கு இந்தப் பிடிவாதம் உதவியிருக்கும். இன்று அது எதிராளி.

அணையில் ஓட்டை

இந்தப் பிடிவாதத்தை மருந்தால் உடைக்கும் முயற்சி புதிதல்ல. முதல் உலகப் போரின்போது பிரான்சில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் சிலர் இளைத்தார்கள், காய்ச்சல் கண்டார்கள், சிலர் இறந்தும் போனார்கள். காரணம் டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனம். 1933-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இதையே எடை குறைக்கும் மருந்தாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். விரைவில் ஆயிரக்கணக்கானோர் டாக்டரைக் கேளாமலே வாங்கி விழுங்கத் தொடங்கினர்.

அது வேலை செய்யும் விதம் இயற்பியல் மாணவனுக்கு உடனே விளங்கும். மேட்டூரில் அணை நீர் சுழலி வழியாக இறங்கினால் மின்சாரம் கிடைக்கிறது. நம் செல்களுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வுக்கு ஒரு பக்கம் புரோட்டான்கள் தேங்கி, ஒரு சிறு சுழலி வழியாக இறங்கி, உடலுக்கு வேண்டிய ஆற்றல் நாணயத்தைத் தயாரிக்கின்றன. டைநைட்ரோஃபீனால் இந்த அணையில் ஓட்டை போடுகிறது. நீர் ஓடும், மின்சாரம் கிடைக்காது. உணவும் கொழுப்பும் எரிந்து வெறும் வெப்பமாகும். எடை குறையத்தான் செய்தது. ஆனால் அந்த வெப்பம் எங்கே போகும்? அளவு சற்று மிஞ்சினால் உடல் உள்ளிருந்தே வெந்துவிடும். மாற்று மருந்து இல்லை. பலருக்குக் கண்புரை வந்தது. 1938-இல் அமெரிக்காவில் தடை வந்தது. ஆயினும் இன்றும் இணையத்தில் திருட்டுத்தனமாக இதை வாங்கி உயிரிழப்பவர்கள் இருக்கிறார்கள்.

பின்னால் வந்தவற்றில் சிபுட்ராமினை மட்டும் சொல்கிறேன். மூளையில் வேலை செய்து பசியைக் குறைத்த இந்த மாத்திரை பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. ஏறத்தாழ 10,000 பேரிடம் நடத்திய ஆய்வில், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் கூடுவது தெரிந்தது. 2010-இல் மேலை நாடுகள் இதை விலக்கின. இந்தியா 2011-இல் தடை செய்தது. ஒரு மருந்தின் குணம் முழுவதும் அது கடைக்கு வந்த அன்றே தெரிந்துவிடுவதில்லை.

பல்லியும் அரை ஆயுளும்

இப்போது அந்த வாரம் ஒரு ஊசிக்கு வருவோம்.

சாப்பிட்டதும் நம் குடல் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்திடம் இன்சுலின் சுரக்கச் சொல்கிறது. இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது. "போதும்" என்று மூளைக்குச் சொல்கிறது. அருமையான மருந்தாகுமே என்று விஞ்ஞானிகள் நினைத்தார்கள். ஒரே இடைஞ்சல், ரத்தத்தில் உள்ள ஒரு என்சைம் இதை வெட்டிவிடும். அரை ஆயுட்காலம் சுமார் 2 நிமிடம்!

அரை ஆயுட்காலம் என்றதும் உங்களுக்குக் கதிரியக்கம் நினைவுக்கு வரும். அதே கணக்குதான். ஒவ்வோர் அரை ஆயுட்காலத்திலும் இருப்பதில் பாதி போய்விடும். 2 நிமிடத்தில் பாதி, 4 நிமிடத்தில் கால், 20 நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை ஊசியாகப் போட்டுப் பயனில்லை.

வழி காட்டியது ஒரு பல்லியினம். அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லி ஆண்டில் சில தடவைகளே பெருந்தீனி தின்று உயிர் வாழும். அதன் நஞ்சில் ஜி.எல்.பி.-1 போன்ற, ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருள் இருப்பதை நியூயார்க்கில் ஜான் எங் என்ற டாக்டர் கண்டு 1992-இல் வெளியிட்டார். அதிலிருந்து பிறந்த எக்ஸெனடைடு 2005-இல் சர்க்கரை நோய்க்கு மருந்தாக வந்தது. அதற்கும் அரை ஆயுட்காலம் சில மணி நேரந்தான். நாளைக்கு இரண்டு ஊசி.

பிறகு டென்மார்க்கில் ஒரு தந்திரம் செய்தார்கள். மனித ஹார்மோனையே சற்று மாற்றி, அதில் ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியைக் கோத்தார்கள். அந்தச் சங்கிலி ரத்தத்தில் மிதக்கும் ஆல்புமின் என்ற பெரிய புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பேருந்தின் படியில் தொற்றிக்கொண்டவரைப் போல மருந்து ஆல்புமினோடு சுற்றிவரும். என்சைமும் வெட்டாது, சிறுநீரகமும் வடிகட்டாது. இதுதான் செமாகுளுடைடு. அரை ஆயுட்காலம் சுமார் ஒரு வாரம். இரண்டு நிமிடம் எங்கே, ஒரு வாரம் எங்கே!

அவனிடம் நான் போட்டுக் காட்டிய அடுத்த கணக்கு இது. வாரம் ஒரு அலகு மருந்து போடுகிறோம். முதல் ஊசி போட்டதும் 1. ஒரு வாரத்தில் அது பாதியாகும்; அடுத்த ஊசியோடு 1.5. பிறகு 1.75, 1.875 என்று ஏறி 2-ஐ நெருங்கி நிற்கும். நீங்கள் படித்த பெருக்குத் தொடர்தான்! ஆக, முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டோமே என்று இருந்துவிட முடியாது. அதே அளவைப் போட்டாலும் ஒரு மாதத்தில் உடம்பில் ஏறத்தாழ இரண்டு மடங்கு மருந்து இருக்கும். அதனால்தான் எடைக்கான சிகிச்சையில் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு நான்கு வாரமாக 0.5, 1, 1.7 என்று நிறுத்தி நிறுத்தி, கடைசியில் 2.4-க்கு வருகிறார்கள். 2.4 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ ஒரு கடுகின் எடை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை.

இப்போது கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒருவருக்கு வாந்தி நிற்கவில்லை, அல்லது கணையம் வீங்கிவிட்டது, மருந்தை நிறுத்துகிறோம். ஒரு வாரத்தில் பாதி, இரண்டு வாரத்தில் கால், ஐந்து வாரத்தில் 32-இல் ஒரு பங்கு. அதாவது மருந்து ஏறத்தாழ முழுவதும் வெளியேற ஐந்து வாரம். தலைவலி மாத்திரை தப்பாகிவிட்டால் மறுநாள் சரியாகிவிடும். இந்த ஊசியைப் போட்டபின் திரும்ப எடுக்க முடியாது. மருந்தின் சிறப்பு எதுவோ, அதுவே அதன் ஆபத்தும். ஒரு டாக்டர் முன்கூட்டியே சோதித்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதன் காரணம் சட்டத்தில் மட்டுமல்ல, இந்த அரை ஆயுளிலும் இருக்கிறது.

டாக்டர் என்ன செய்கிறார்?

முதலில் கேள்விகள். தைராய்டு குறைவா, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரை எடையை ஏற்றுகிறதா, தூக்கம் எப்படி, குறட்டை உண்டா? பிறகு ரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள். வீட்டில் ஒரு குறிப்பிட்ட வகைத் தைராய்டுப் புற்றுநோய் யாருக்காவது இருந்ததா என்பதும் கேட்கப்படும்; இருந்தால் இந்த ஊசி கூடாது. கருவுற்றவர்களுக்கும் கூடாது.

சிகிச்சை உணவில்தான் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 500 கிலோ கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3,500. 7,700-ஆல் வகுத்தால் வாரம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மந்தமான வேகம் என்று தோன்றும். ஆனால் கரைவது பெரும்பாலும் கொழுப்பாக இருக்க வேண்டுமானால், பருப்பு, முட்டை, தயிர் என்று புரதம் குறையாமல், தசைக்கு வேலையும் கொடுத்துக்கொண்டு இந்த வேகத்தில்தான் போக வேண்டும். ஊசி போட்டவர்களிடமும் இழந்த எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை தசை முதலிய கொழுப்பல்லாத பகுதியாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேருவதும் உண்டு.

உணவுக் கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் செரிக்காமல் வெளியேறும்படி செய்யும் ஆர்லிஸ்டாட் மாத்திரை 1999 முதல் இருக்கிறது. (எண்ணெய்ப் பலகாரம் தின்றுவிட்டு அதைப் போட்டுக்கொண்டவர்கள் கழிப்பறையை விட்டு நகர மாட்டார்கள். அது ஒருவகையில் நல்ல வாத்தியார்.) மிகுந்த பருமன் உள்ளவர்களுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. செமாகுளுடைடு 2025 ஜூனில் வெகோவி என்ற பெயரில், பெரியவர்களின் எடைக் குறைப்புக்காக இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. குறியீட்டெண் 30-க்கு மேல் இருப்பவர்களுக்கு, அல்லது 27-க்கு மேல் இருந்து ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற கோளாறும் உள்ளவர்களுக்கு. அதற்குச் சற்று முன், 2025 மார்ச்சில், இரண்டு குடல் ஹார்மோன்களின் வேலையைச் சேர்த்துச் செய்யும் டிர்செபடைடு, மவுஞ்சாரோ என்ற பெயரில் வந்தது. அப்போது 5 மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை 4,375 ரூபாய். வாரம் ஒரு குப்பி. எத்தனை குடும்பங்களால் முடியும்? செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்ததால் உள்நாட்டு நிறுவனங்களும் அதைத் தயாரிக்க வழி பிறந்தது. விலை இறங்கும், டாக்டர் சீட்டில்லாமல் எங்கேயாவது வாங்கிவிடலாம் என்ற ஆசையும் கூடவே ஏறும்.

இந்த ஊசி உண்மையிலேயே பலன் தருகிறதா? தருகிறது. 2021-இல் வெளிவந்த ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. ஊசி போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தார்கள். வெற்று ஊசி போட்டவர்கள் 2.4 சதவீதம். 80 கிலோ எடையுள்ளவர் என்றால் ஏறத்தாழ 12 கிலோ. இந்த இடத்தில் நான் மஞ்சள் தாளை எடுத்து அவன் முன் வைத்தேன். உலகின் மிக வலிமையான மருந்துகளில் ஒன்று, டாக்டர்கள் சூழ, 16 மாதத்தில் செய்ததை இந்தப் போன் நம்பர்க்காரர் 30 நாளில் செய்வாராம்!

ஊசியை நிறுத்தினால்? அதே ஆய்வில் நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. மருந்து தெர்மோஸ்டாட்டைப் பழுது பார்ப்பதில்லை. அதன் முள்ளைக் கையால் பிடித்து வைத்திருக்கிறது. கையை எடுத்தால் முள் திரும்பும். ரத்த அழுத்த மாத்திரையைப் போலப் பலர் இதை நெடுங்காலம் தொடர வேண்டியிருக்கலாம். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் சோதனை நடந்திருக்கிறது. 2022-இல் வெளிவந்த ஆய்வில் 201 பேரிடம் நல்ல பலன் கண்டு, அமெரிக்காவில் அனுமதியும் கொடுத்தார்கள். அங்கும் மிகுந்த பருமனுள்ள பிள்ளைகளுக்கு, டாக்டரின் கண்காணிப்பில் மட்டுமே.

இதையெல்லாம் நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் நம் மாநிலத்தின் தென்கோடியில் 17 வயது மாணவர் ஒருவர் இறந்த செய்தி நாளிதழ்களில் வந்தது. கல்லூரியில் சேருவதற்குள் இளைத்துவிட வேண்டும் என்று, இணையத்தில் வீடியோ பார்த்து, மூன்று மாதமாகப் பழச்சாறு மட்டுமே குடித்து வந்தார் என்று அச்செய்தி கூறியது. அந்த வயதில் ஒரு பிள்ளை.

நீண்ட நாள் பட்டினியில் உடம்பு பொட்டாசியம், பாஸ்பேட் போன்ற உப்புகளின் சேமிப்பைத் தீர்த்துவிடும். ரத்தச் சோதனையில் அவை சரியாக இருப்பது போலக்கூடத் தெரியலாம். பிறகு ஒரு நாள் வயிறாரச் சாப்பிட்டதும் இன்சுலின் பெருகி, மிச்சமிருக்கும் பாஸ்பேட்டை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் இழுத்துவிடும். இதயமும் மூச்சுத் தசைகளும் தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிவில், பட்டினி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்ததைக் கண்டு மருத்துவ உலகம் திகைத்தது. எனவே மிகக் குறைந்த உணவுத் திட்டங்களை டாக்டர்கள் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும், உப்புகளை அடிக்கடி அளந்துகொண்டே கொடுக்கிறார்கள். பழைய உணவுக்குத் திரும்புவதையும் படிப்படியாகச் செய்கிறார்கள். வீடியோவில் பேசுகிறவர் உங்கள் பாஸ்பேட்டை அளக்க மாட்டார்.

எங்கள் தெரு மாணவன் அன்று 74 கிலோ, 1.68 மீட்டர். வகுத்தால் 26.2. மறு வாரம் அம்மாவோடு குழந்தை மருத்துவரிடம் போனான். "பதினோராங் கிளாஸ் படிக்கிறேன், குழந்தை டாக்டரா?" என்று முதலில் முறைத்தான். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்து, ரத்தம் எடுத்து, தைராய்டு சரி, சர்க்கரை எல்லைக் கோட்டுக்கு அருகில் என்று சொன்னார்களாம். ஊசி எழுதவில்லை. இரவு பன்னிரண்டு மணிவரை போனும், டியூஷன் முடிந்து வரும் வழியில் தினம் ஒரு பாட்டில் குளிர்பானமும்தான் டாக்டருக்கு முதலில் கண்ணில் பட்டன. மூன்று மாதம் கழித்து டேப்போடு வரச் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் எதிரே வந்தான். 72.5 கிலோ என்றான். "ஒன்றரைக் கிலோதானா?" என்று நான் வேண்டுமென்றே கேட்டேன். "சார், நீங்களே கணக்கைத் தப்பாப் போடறீங்க," என்று சிரித்தான். "இடுப்பு அஞ்சு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு. உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கு. புது உயரத்தை வச்சு வகுத்துப் பாருங்க."